முதல் ஆட்டத்தோடு துக்கம் விசாரித்தவன்

தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு முப்பத்திரண்டு வயதில்தான் வந்தது. அதுவும் தானாக வரவில்லை. சுவிஸில், பீல் நகரத்தில், ஒரு குடியிருப்பின் இரண்டாம் மாடியில், கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டி, ஒரு கையில் வெள்ளை லில்லிப் பூங்கொத்தும் மறு கையில் புட்டுச் சட்டியுமாக நான் நின்ற ஒரு திங்கட்கிழமை மாலையில் வந்தது. அதற்கு முன்னால் எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பீலில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பொருத்தும் பகுதியில் வேலை செய்தேன். கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு, மயிரைவிடக் கொஞ்சம் தடித்த முள்ளை மணிக்கூட்டின் நடுவில் இருத்த வேண்டும். மூச்சு விட்டால் முள் பறந்துவிடும். (தும்மல் வந்தால் கையை உயர்த்தி அனுமதி கேட்டவன் நான் ஒருவன்தான் என்று பிறகு சொன்னார்கள்.) வேலை தற்காலிகம். நிரந்தர வேலைக் கடிதம் கையில் இருந்தால்தான் மனைவியை அழைக்க விண்ணப்பிக்கலாம் என்று குடிவரவுக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். மனைவி புஷ்பா கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் ஒன்றரை வருடமாகக் காத்திருந்தாள். "ஈஸ்டருக்குள் நிரந்தரமாகிவிடும்" என்று அவளுக்கு எழுதிப்போட்டிருந்தேன். ஈஸ்டர் என்றால் இங்கே எப்போது வரும் என்பதுகூட அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது.

நிரந்தரமாக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் எங்கள் பகுதிப் பொறுப்பாளர் ஃபிராவ் லூதியின் கையில் இருந்தது. (ஃபிராவ் என்றால் திருமதி, ஹெர் என்றால் திரு.) ஐம்பத்தைந்து வயது, குட்டை முடி, அளந்த பேச்சு. நான் பொருத்திய மணிக்கூட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு "ஆஹா" என்பார். அந்த "ஆஹா"வுக்கு நல்லது, கெட்டது, பரவாயில்லை, திரும்பச் செய் என்று நாலு அர்த்தம் இருந்தது. எது எந்த நேரத்து அர்த்தம் என்று கண்டுபிடிப்பதிலேயே எனக்கு ஆறு மாதம் போயிற்று.

அவருக்கு இரண்டு பற்றுகள். ஒன்று கணவர் ஹெர் லூதி. அந்தக் குளிர்காலத்தில்தான் கணவருக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. மற்றது எங்கள் ஊர் ஐஸ் ஹொக்கி அணி. எதை முதலில் எழுதுவது என்று நான் இப்போதும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அந்த ஆண்டு எங்கள் ஊர் அணி எட்டாவதாக வந்து, தட்டுத்தடுமாறிக் காலிறுதிக்குள் நுழைந்தது. முதலாவதாக வந்த அணியோடு மோத வேண்டும். ஃபிராவ் லூதி ஒரு தாளைக் கொண்டுவந்து ஒவ்வொரு மேசையாக வைத்தார். தாளில் நாலு வரி. ஒவ்வொரு வரியிலும் இரண்டு அணிகள், பக்கத்தில் ஒரு சிறு பெட்டி. யார் வெல்வார்கள், என்ன கணக்கில் வெல்வார்கள் என்று ஊகித்து எழுத வேண்டும். அதிகம் சரியாக எழுதுகிறவருக்கு ஃபிராவ் லூதி தன் கையால் செய்த கடலைக் கேக்.

"ஹெர் ரட்ணா, உங்களுக்கு ஹொக்கி தெரியுமா?" என்று கேட்டார். (இரத்தினராசா என்ற என் பெயரை அவர்கள் பாதியில் நிறுத்திவிட்டிருந்தார்கள்.)

"தெரியும்" என்றேன்.

உண்மையில் நான் பார்த்திருந்தது ஒரேயொரு பயிற்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபக் கதவு திறந்திருந்தது, உள்ளே போனேன். ஒரு வண்டி மெதுவாகச் சுற்றி வந்து பனித்தரையை மெழுகிவிட்டுப் போனது. அதையே அரை மணி நேரம் வாய் பார்த்தேன். பிறகு ஆட்டக்காரர் வந்தார்கள். அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை என் கண்ணால் ஒரு தடவைகூடப் பிடிக்க முடியவில்லை. மயிரளவு முள்ளைப் பிடிக்கும் கண் இது. ஆட்டக்காரர் ஓடும் திசையைப் பார்த்து அது அங்கேதான் இருக்கும் என்று நம்பினேன். வலைக்கு முன்னால் மெத்தை கட்டியதுபோல ஒருவர் அசையாமல் நின்றார். ஏதோ பிழை செய்ததற்காக நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் தாள் கையில் வந்ததும் எனக்குள் ஒரு ஆராய்ச்சியாளன் எழும்பிவிட்டான். மூன்று நாள் அதே யோசனை. பேருந்தில் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டேன், பாண் கடைக்காரியைக் கேட்டேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். ஒரு விளையாட்டைப் பற்றி இத்தனை பேர் இத்தனை விதமாக நிச்சயமாகப் பேச முடியுமா என்று வியப்பாக இருந்தது. கடைசியில் என் சொந்த அறிவை நம்பினேன். தெற்கே இத்தாலி மொழி பேசும் பக்கத்தில் பனைபோல மரம் நிற்பதைப் படத்தில் பார்த்திருந்தேன். வெயில் எறிக்கும் இடத்தில் ஐஸில் விளையாடப் பழகியிருப்பார்களோ? அந்த அணி தோற்கும். மலையூர் அணிக்கு வாசலிலேயே இலவசமாக ஐஸ் கிடக்கிறது. அது வெல்லும். மூன்றாவது வரியில் எந்த அணியின் வலைக் காவலாளி பருத்தவர் என்று பத்திரிகைப் படத்தில் பார்த்து, அவருக்கு எழுதினேன். வலையை அடைத்துக்கொண்டு நிற்பார்தானே.

பெட்டிக்குள் என்ன எண் எழுதுவது என்பதுதான் சிக்கல். மற்றவர்களின் தாள்களை எட்டிப் பார்த்தேன். எல்லாரும் 3:1, 3:2, 3:0 என்றே எழுதியிருந்தார்கள். வெல்லுகிற அணி எப்போதும் மூன்று கோல்தானா?

இதைச் சிவபாலன் அண்ணையிடம் கேட்டேன். அண்ணை எனக்கு மூன்று வருடம் முந்தி வந்தவர். அதே தொழிற்சாலையில் பொதிசெய்யும் பகுதியில் வேலை. என்னோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார். சுவிஸைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. (எனக்கு அந்த வருத்தம் அவரிடமிருந்துதான் தொற்றியது.)

"அண்ணை, ஏன் எல்லாரும் மூண்டு மூண்டு எண்டு எழுதீனம்?"

"அது இங்கத்தைய மரியாதை" என்றார் அண்ணை. "ஆறு, ஏழு எண்டு எழுதினால் தோக்கிறவைக்கு மனம் நோகும். அதாலை மூண்டோடை நிப்பாட்டுவினம்."

"தோத்தால் பிறகு என்ன நடக்கும்?"

"தோத்தால் வீடு. நொக்கவுட். ஊரிலை எத்தினை உதைபந்தாட்டம் பாத்தனி."

நாலாவது வரி எங்கள் ஊர் அணியின் வரி. ஃபிராவ் லூதியின் மனத்தைக் குளிரவைக்க வெற்றி என்று எழுதலாம். ஆனால் முதலாவது எங்கே, எட்டாவது எங்கே. அரை நாள் தடுமாறிவிட்டு, நேர்மையே கடிதத்தைப் பெற்றுத்தரும் என்று தீர்மானித்து, எங்கள் ஊர் 1:3 என்று தோற்கும் என எழுதிக் கொடுத்தேன். ஃபிராவ் லூதி வாசித்தார். "ஆஹா" என்றார். அந்த முறை அது ஐந்தாவது அர்த்தமாக இருந்தது.

சனிக்கிழமை முதல் ஆட்டம். திங்கள் காலை வேலைக்குப் போனதும் சாப்பாட்டறை மேசையில் கிடந்த பத்திரிகையைப் பார்த்தேன். எங்கள் ஊர் தோற்றிருந்தது. கணக்கு, ஒன்றுக்கு மூன்று.

ஒரு கோல் பிசகாமல் சொல்லியிருக்கிறேன். பெருமை ஒரு பக்கம், பயம் மறு பக்கம். ஏதோ நானே கண்ணூறு போட்டு அந்த அணியைக் கொன்றுவிட்டதுபோல இருந்தது. நிமிர்ந்தால் ஃபிராவ் லூதி கறுப்பு உடுப்பில் வருகிறார். வேலைக்காரர் ஒவ்வொருவராக அவரிடம் போய், தாழ்ந்த குரலில் "சீஷ்டிக்" என்றார்கள். ஒருவர் தோளைத் தட்டி "சீஷ்டிக்" என்றார். ஃபிராவ் லூதி தலையசைத்தார். நான் வகுப்பில் படித்த ஜெர்மனில் அப்படியொரு சொல் இல்லை. துக்கத்தில் சொல்லும் ஊர்ச் சொல்லாக்கும் என்று புரிந்துகொண்டேன். நானும் எழுந்து போய், நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்து, "சீஷ்டிக், ஃபிராவ் லூதி" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓம், சீஷ்டிக்" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு அவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் அங்கே இருந்த காலத்தில் அவர் அரை நாளில் போனது அதுதான் முதல் தடவை. ஒருவரும் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கணவரைச் சத்திரசிகிச்சைக்குப் பின்னான சோதனைக்குக் கூட்டிப்போகிறார் என்று சொல்லியிருப்பார்கள்.

"மனிசி தாங்கேல்லைப் போல" என்றேன் அண்ணையிடம், மத்தியானச் சாப்பாட்டில்.

அண்ணை கரண்டியை வைத்தார். "நீ தோக்கும் எண்டு எழுதிக் குடுத்தனி. அதே மாதிரி தோத்துப்போச்சு. இப்ப நீ போய் முகம் காட்டாமல் விட்டால், உனக்குச் சந்தோசம் எண்டு நினைப்பா. பிறகு கடிதமும் இல்லை, ஒண்டும் இல்லை. வேலை முடிய நேர வீட்டை போய்த் துக்கம் விசாரிப்பம்."

"வெறுங்கையோடையோ?"

"செத்த வீட்டிலை அடுப்பு மூட்டுவினமோ? நாங்கள்தான் சாப்பாடு கொண்டுபோக வேணும். மரக்கறி மட்டும்."

அன்று பின்னேரம் அறைக்கு வந்து புட்டு அவித்து, சொதியும் கத்தரிக்காய்க் கறியும் வைத்தோம். அண்ணையிடம் இரண்டு கறுப்புக் கழுத்துப்பட்டிகள் இருந்தன. (ஏன் இரண்டு என்று நான் கேட்டதில்லை.) வழியில் பூக்கடையில் வெள்ளைப் பூ கேட்டேன். கடைக்காரப் பெண் என் கழுத்துப்பட்டியைப் பார்த்துவிட்டு, துக்கத்துக்கா என்று மெதுவாகக் கேட்டார். அந்த ஜெர்மன் சொல் எனக்குத் தெரிந்திருந்தது. ஆமென்றேன். லில்லிகளை அழகாகக் கட்டி, ஊதா நாடா சுற்றி, அதில் பொன் எழுத்தில் ஏதோ அச்சடித்து ஒட்டியும் தந்தார். அந்தக் கரிசனை என்னைத் தொட்டது. ஒரு ஊரே அணிக்காகத் துக்கப்படுகிறது என்று நினைத்தேன்.

லூதி வீட்டுப் படியில் ஏறும்போது மேல்மாடியிலிருந்து ஒரு வயதான பெண் இறங்கி வந்தார். பீலில் பாதிப்பேர் பிரெஞ்சு பேசுவார்கள். இவர் அந்தப் பாதி. மடாம் ஜெரார் என்று பிறகு அறிந்தேன். எங்கள் கழுத்தைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், நாடாவை வாசித்தார்.

"முசியூ லூதி?" என்றார்.

திருவாளர் லூதி வீட்டுக்கா போகிறீர்கள் என்று கேட்கிறாராக்கும். பிரெஞ்சில் எனக்குத் தெரிந்திருந்த மூன்று சொற்களில் ஒன்று அதற்குப் போதும்.

"வீ, மடாம்" என்றேன். ஓம் அம்மா.

அவர் கையால் வாயைப் பொத்தினார். கண் நிறைந்துவிட்டது. இந்த வயதிலும் ஹொக்கியில் இத்தனை பற்றா என்று எனக்கு மனம் இளகியது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, ஜெர்மனில், "சனிக்கிழமை இரவு" என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே மேலே ஏறிப் போனார்.

"பாவம் மனிசி" என்றார் அண்ணை.

கதவைத் திறந்தது ஃபிராவ் லூதி. உள்ளே வரவேற்பறை முழுக்க நிலத்தில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதைச் சுற்றி நாலைந்து பேர் முழங்காலில் இருந்தார்கள். செத்த வீட்டில் வெள்ளை கட்டுவது இங்கேயும் உண்டோ என்று அண்ணை என் காதில் கேட்டார். அது அடுத்த ஆட்டத்துக்காக அவர்கள் சாயம் பூசிக்கொண்டிருந்த பதாகை என்பதைக் கண்டுகொள்ள எங்களுக்கு அறிவு போதவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்த ஜெர்மன் வசனங்களை ஒப்புவித்தேன்.

"மதிப்புக்குரிய ஃபிராவ் லூதி. நாங்கள் மிகவும் கவலைப்படுகிறோம். அது நல்ல அணி. எல்லாருக்கும் ஒரு நாள் வருவதுதான். நீண்ட நாள் துன்பப்படாமல் ஒரே இரவில் முடிந்தது நல்லது. சீஷ்டிக்."

ஒருவருடைய தூரிகையிலிருந்து சிவப்புச் சாயம் துணியில் சொட்டியது. ஃபிராவ் லூதி பூங்கொத்தை வாங்கி, நாடாவைத் திருப்பி, "ஆழ்ந்த அனுதாபங்களுடன்" என்று சத்தமாக வாசித்தார்.

மூலையில் சாய்கதிரையில் இருந்த மெலிந்த மனிதர் கேட்டார்: "எது முடிந்தது?"

அவர்தான் ஹெர் லூதி. அணி முடிந்தது என்றேன். தோற்றுவிட்டதே என்றேன். அவர் என்னைப் பக்கத்தில் இருத்தி, விரல்களை விரித்துக் காட்டினார். அதே இரண்டு அணிகளும் திரும்பத் திரும்ப மோதும். ஐந்து ஆட்டம். மூன்று வெல்கிறவர் மேலே போவார். முடிந்தது ஒன்று. அடுத்தது நாளைக்கு, செவ்வாய்க்கிழமை.

"செவ்வாயை எங்கள் ஊர்ப் பேச்சில் சீஷ்டிக் என்போம்" என்றார்.

அப்போதுதான் அந்தப் பெட்டிக்குள் எல்லாரும் எழுதிய மூன்று என்னவென்று எனக்கு விளங்கியது. நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெர் லூதி சட்டியின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். வைத்தியர் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தாராம். இது என்ன என்று கேட்டார். அரிசி மாவும் தேங்காய்ப்பூவும் என்றேன். ஒரு தட்டு எடுத்து வரச் சொன்னார்.

அவர் இரண்டாவது வாய் வைக்கும்போது மணி அடித்தது. தட்டைக் கையில் வைத்தபடியே போய்க் கதவைத் திறந்தார்.

வெளியே மடாம் ஜெராரும் அந்தக் கட்டடத்தின் பாதிப்பேரும் நின்றார்கள். ஒருவர் கையில் மெழுகுதிரி, ஒருவர் கையில் சூப் சட்டி. எல்லாருக்கும் முன்னால், செருப்புப் போட்டுக்கொண்டு, மீசையில் தேங்காய்ப்பூ ஒட்டியபடி, இறந்தவர். மடாம் ஜெரார் மெதுவாகப் படியில் இருந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து, நான் சொன்ன "வீ"யையும் "சனிக்கிழமை"யையும் பிரித்து விளங்கப்படுத்திக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. ஆராவ் நகரில் இருக்கும் ஹெர் லூதியின் தங்கைக்கு மடாம் ஜெரார் ஏற்கெனவே செய்தி சொல்லிவிட்டிருந்தார்.

ஹெர் லூதியே எடுத்தார். "இல்லை, நான்தான்" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லை, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

இந்தக் கலவரத்துக்குள் அண்ணை எழுந்து, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நானும் பின்னால் ஓடினேன்.

"அண்ணை, ஒரு வார்த்தை சொல்லிப்போட்டெண்டாலும் வருவம்."

"செத்த வீட்டிலை போட்டு வாறன் எண்டு சொல்லக்கூடாது. தெரியாதே?"

"ஒருத்தரும் சாகேல்லை அண்ணை."

"வந்தது செத்த வீட்டுக்குத்தானே. வந்த முறைக்குத்தான் போகவேணும்."

அன்று புஷ்பாவுக்குக் கடிதம் எழுத இருந்து, "அன்புள்ள" என்பதோடு நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலை ஃபிராவ் லூதி என்னைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். என் உருப்பெருக்கியையும் இடுக்கியையும் ஒப்படைக்கத் தயாராகச் சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன்.

"ஹெர் ரட்ணா, நாங்கள் உங்களை அவமதித்துவிட்டோமா?" என்று கேட்டார். "சொல்லாமல் போய்விட்டீர்கள். என் கணவர் இரவு முழுக்க அதையே யோசித்தார்."

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். இறந்த வீட்டில் போய் வருகிறேன் என்று சொன்னால், இப்படியொரு காரியத்துக்குத் திரும்ப வருவேன் என்றாகிவிடும்; அதனால் பேசாமல் எழுந்து போவோம். அவர் முழங்கையை மேசையில் ஊன்றிக் கேட்டார். பூ எந்த நிறம், சாப்பாடு எத்தனை நாள், யார் சமைப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி. அரை மணி நேரம் போயிற்று. வெளியில் எல்லாரும் என்னை வேலையிலிருந்து நிறுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹொக்கி தெரியும் என்று ஏன் சொன்னீர்கள்?" என்றார் கடைசியில்.

"தெரியாது என்று சொன்னால் கடிதம் கிடைக்காதோ என்று பயந்தேன்."

"ஆஹா" என்றார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அன்றிரவு எங்கள் ஊர் வென்றது. அடுத்த இரண்டும் தோற்றது. ஆக, ஒன்றுக்கு மூன்று. மற்ற மூன்று வரியும் எனக்குப் பிழை. பனைமரத்துக்காரர் ஒரு ஆட்டம்கூட விடாமல் வென்றார்கள். பருத்த காவலாளி மூன்று ஆட்டத்தில் வீட்டுக்குப் போனார். மலையூரை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. எட்டுப் பேரில் கடைசி நான். ஆனால் எங்கள் ஊர் வரியைக் கணக்கோடு சரியாக எழுதியவன் நான் ஒருவன் மட்டும். ஃபிராவ் லூதி அந்தப் பெட்டியைச் சிவப்பால் வட்டமிட்டு என் மேசையில் வைத்துவிட்டு, நாலு நாள் என்னோடு முள்ளைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய வாரம் நிர்வாகக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. நிரந்தர வேலை. கீழே ஃபிராவ் லூதியின் கையெழுத்து, பக்கத்தில் திகதி. திகதியைப் பலமுறை வாசித்தேன். காலிறுதித் தாளை என் மேசையில் வைப்பதற்குப் பத்து நாள் முன்னரே அவர் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார். எங்கேயோ ஒரு மேசையில் அது அத்தனை நாளும் தூங்கியிருக்கிறது. நான் ஊகிக்கவும் தேவையில்லை, பூ வாங்கவும் தேவையில்லை, ஒரு மனிதரை உயிரோடு அனுப்பிவைக்கவும் தேவையில்லை.

கோடையில் புஷ்பா வந்தாள். இந்தக் கதையை நான் அவளுக்கு எழுதவில்லை. எந்தக் காலத்திலும் சொல்லும் எண்ணமும் இருக்கவில்லை. லூதி குடும்பம் எங்களை விருந்துக்குக் கூப்பிட்டபோது ஹெர் லூதி சைகையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவளுக்கு அப்போது ஜெர்மனில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் முழுவதும் விளங்கிவிட்டது.

அதன் பிறகு இத்தனை வருடமாக என்னை அவள் எந்தச் செத்த வீட்டுக்கும் தனியாக விட்டதில்லை. போன மாதமும் கூர் நகரில் ஒரு தெரிந்தவர் காலமானார் என்று செய்தி வந்தது. நான் சட்டை மாற்றிக்கொண்டு நின்றேன். புஷ்பா தொலைபேசியை எடுத்து அவர்களின் வீட்டுக்கு அடித்தாள். ஆர் கதைக்கிறது என்று கேட்டாள். ஓம், ஓம் என்றாள். பிறகு தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தி, என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"உண்மைதானாம். வெளிக்கிடுங்கோ."